பாதுகாப்பு, வர்த்தகத் துறைகள்: நாடாளுமன்றக் கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில், இரு அவைகளுக்குமாகச் சேர்த்து நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் பட்டியலில் ஏறுகின்றன. அவையில் எழும் கூச்சல் மாலைச் செய்திக்கு வந்துவிடுகிறது. பதில்கள் பெரும்பாலும் வருவதில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பதில்களைத் தேடிப் படித்து, நீலகிரியிலும் திருப்பூரிலும் உள்ள நண்பர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி வருகிறேன். பாதுகாப்பு, வர்த்தகம் ஆகிய இரு துறைகளைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி நேரம் எப்போது நடக்கிறது?

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை. மாநிலங்களவையிலும் முன்பு அதே நேரம்தான். 2014 குளிர்காலக் கூட்டத்தொடர் முதல் அங்கே நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. கேள்வி நேரம் முடிந்ததும் மக்களவையில் தொடங்கும் ‘பூஜ்ய நேரம்’ வேறு. அதில் உறுப்பினர் ஒரு பிரச்சினையை எழுப்பலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நட்சத்திரக் கேள்விக்கும் மற்றதற்கும் என்ன வேறுபாடு?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலிலிருந்து துணைக் கேள்விகள் கேட்கலாம். கேள்வியைக் கொடுத்த உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும். பிறகு அவைத்தலைவர் அழைக்கும் மற்றவர்களும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். துணைக் கேள்வி கிடையாது.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும், மாநிலங்களவையில் 15-உம் 160-உம் பட்டியலிடப்படுகின்றன. இருபதில் நான்கைந்துதான் வாய்மொழியாகப் பதில் பெறும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபதும் முடிந்தன. அப்படி நடந்தது 1972-க்குப் பிறகு அதுவே முதல் முறை. வாய்ப்புக் கிடைக்காத கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும்.

துணைக் கேள்விதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பது என் எண்ணம். எழுதிவைத்த பதிலை யாரும் படித்துவிடலாம். எதிர்பாராத திசையிலிருந்து வரும் இரண்டாவது கேள்விக்கு, கோப்பில் இருப்பதைத் தாண்டித் துறை தெரிந்திருக்க வேண்டும். இந்த உரிமை எளிதில் வந்ததும் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக்கால 1892 சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் தந்தது. 1909 சீர்திருத்தம் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வியை அனுமதித்தது. பிற உறுப்பினர்களும் துணைக் கேள்வி கேட்கும் நிலை 1919 சீர்திருத்தத்தோடு வந்தது. 1893 பிப்ரவரி 16 அன்று அந்தச் சட்டசபையின் உறுப்பினரான பிங்கா ராஜா கேட்ட முதல் கேள்வி எதைப் பற்றியது தெரியுமா? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பொருள் வழங்க வேண்டியிருந்ததால் கிராமக் கடைக்காரர்கள் படும் தொல்லையைப் பற்றி. ஒரு வகையில் வியாபாரிகளுக்காக எழுந்த கேள்விதான் அது.

எந்தக் கேள்வி பட்டியலில் வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

உறுப்பினர் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். விதிகளுக்கு உட்பட்டதா என்று அவைச் செயலகம் பார்க்கும்; ஏற்பது அவைத்தலைவரின் அதிகாரம். வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் வரலாம். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. ஆகவே பாதுகாப்புத் துறைக்கு உரிய நாளில்தான் அந்தத் துறைக் கேள்வி வரும். அந்த நாள் அமளியில் போய்விட்டால், அமைச்சரை நேரில் கேட்க இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் பிரச்சினைக்கு எந்தத் துறையிடம் கேட்க வேண்டும்?

பாதி முயற்சி வீணாவது இங்கேதான். துறை மாறிப் போன கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும், அல்லது “இது எங்கள் துறை சார்ந்தது அல்ல” என்ற பதிலோடு நின்றுவிடும். பொறுமையாகப் பார்ப்போம்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றிக் கேட்க வேண்டுமானால் வர்த்தகம் மற்றும் தொழில்துறை அமைச்சகம். ஆடைகளுக்கான வரித் தள்ளுபடித் திட்டம் என்றால் ஜவுளி அமைச்சகம், அது தனி. ஜிஎஸ்டி திருப்பித் தருவதில் தாமதம், சுங்கத்தில் சரக்கு தேங்குவது எல்லாம் நிதி அமைச்சகம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்றால் துறைமுக அமைச்சகம். ஒரே பெட்டிச் சரக்கு, நான்கு அமைச்சர்கள்.

ஏற்றுமதி, இறக்குமதி உரிமங்களையும் தடை அறிவிக்கைகளையும் வெளியிடும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வர்த்தகத் துறையின் கீழ் வருகிறது. தேயிலை, காபி, ரப்பர், நறுமணப் பொருள் வாரியங்களும் அதன் கீழ்தான். குன்னூர் விவசாயியின் பச்சைத் தேயிலை விலைக்கு வேளாண் அமைச்சரைக் கேட்டால் சரியான பதில் வராது. வர்த்தக அமைச்சரைக் கேட்க வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சகமும் ஒரே துறை அல்ல. பாதுகாப்புத் துறை, ராணுவ விவகாரத் துறை, பாதுகாப்பு உற்பத்தித் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை, முன்னாள் படைவீரர் நலத் துறை என ஐந்து உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவை உற்பத்தித் துறையைச் சேர்ந்தவை. 2021 அக்டோபர் 1 முதல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகிவிட்டதால், எந்த நிறுவனத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பல்லாவரம், வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) பகுதிகளின் குடிநீரும் வீட்டு வரியும்கூடப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்புதான். அமராவதி நகர் சைனிக் பள்ளியும் அப்படியே.

மீனவர் விஷயம் இன்னும் நுட்பமானது. இலங்கைக் கடற்படை கைது செய்தால் வெளியுறவு அமைச்சகம். நம் கடலோரக் காவல்படை என்ன செய்தது என்று கேட்க வேண்டுமானால் பாதுகாப்பு அமைச்சகம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு துறைகளிடமும் தனித்தனியே கேட்டுப் பதில்களை ஒப்பிட்டால், எது விடுபட்டது என்று தெரியும்.

எங்கள் எம்.எல்.ஏ. சட்டப்பேரவையில் இதைக் கேட்க முடியாதா?

நாட்டின் பாதுகாப்பும் வெளிநாட்டு வர்த்தகமும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. மாநில அமைச்சர் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் மாநில அரசின் கைபடும் பகுதிகள் உண்டு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவற்றை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு மாநில அரசு நிலம் எடுத்தது பற்றியோ, தந்த சலுகை பற்றியோ தாராளமாகக் கேட்கலாம்.

பாதுகாப்பு அமைச்சர் “ரகசியம்” என்று சொல்லிப் பதிலை மறுக்கலாமா?

மறுக்கலாம். அமைச்சரவைக் குழுக்களின் அமைப்பு, அமைச்சரவையில் நடந்த விவாதம் போன்ற இயல்பிலேயே ரகசியமான செய்திகளைக் கேட்கக் கூடாது என்று மக்களவை விதியே சொல்கிறது. ஏற்கப்பட்ட கேள்விக்கும், பொது நலன் கருதி வெளியிட இயலாது என்று அமைச்சர் சொன்னால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவைத்தலைவர் வற்புறுத்துவதில்லை.

என் கவலை அந்தச் சொல் எங்கெல்லாம் நீள்கிறது என்பதில்தான். எல்லையில் எத்தனை படைப்பிரிவுகள் நிற்கின்றன என்பது ரகசியம். அதில் எனக்கு மறுப்பில்லை. சீருடைத் துணி தரம் குறைந்தது ஏன், ஓய்வூதியம் ஆறு மாதம் தாமதமானது ஏன் என்பவை எப்படி ரகசியமாகும்? ஒவ்வொரு மறுப்பையும் படிக்கும்போது, இந்தத் தகவல் எதிரிக்குப் பயன்படுமா, அல்லது வாக்காளருக்கு மட்டும் பயன்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே விஷயத்துக்கு ஒரு முறை பதில் சொல்லிவிட்டு அடுத்த முறை மறுத்த உதாரணம் உண்டா?

உண்டு. ரஃபேல் போர் விமானங்கள். 36 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில், ஒரு விமானத்தின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்று பாதுகாப்பு இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே மக்களவையில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தார். 2018 பிப்ரவரியில் விலை விவரம் கேட்கப்பட்டபோது, பிரான்சுடன் 2008-இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி அரசு விவரம் தர மறுத்தது. முதலில் சொன்னது அடிப்படை விலை, ஆயுதங்களும் கருவிகளும் சேர்ந்த விலையை வெளியிட முடியாது என்பது அரசின் வாதம். 2019 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையிலும் விலை எண்கள் மறைக்கப்பட்டிருந்தன.

யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் காட்ட விரும்புவது வேறு: பிந்தைய மறுப்பை நாடே விவாதித்ததற்குக் காரணம், முந்தைய எழுத்துப் பதில் ஒன்று ஆவணமாக இருந்ததுதான். அன்று யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு பதில் அது.

போர்க்காலத்தில் கேள்விகள் நின்றுவிடுமா?

1962-ஐப் பாருங்கள். அப்போது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. ஆனால் விவாதம் நிற்கவில்லை. சீனாவோடு போர் மூண்டிருந்த நவம்பர் 8 முதல் 14 வரை மக்களவை போரைப் பற்றி விவாதித்தது. 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்று வந்த யோசனையை நேரு ஏற்கவில்லை. அவை முன்னவர் கோரினால் ரகசியக் கூட்டம் நடத்த மக்களவை விதிகளில் இடம் உண்டு. இதுவரை ஒரு முறைகூட அப்படி நடந்ததில்லை.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, அக்சாய் சின் பகுதியில் சீனா சாலை போட்டிருப்பது 1959 ஆகஸ்ட் இறுதியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. உறுப்பினர்கள் விடாமல் கேட்டதால் அடுத்த மாதமே அரசு, சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாக வைத்தது. கேள்வி எழும்பாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதப் போக்குவரத்து எத்தனை காலம் கோப்புக்குள் கிடந்திருக்குமோ!

அண்மைக் காலத்தில் கேள்வி நேரமே இல்லாமல் நடந்தது 2020 மழைக்காலக் கூட்டத்தொடர். கொரோனாவைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்விகள் நிறுத்தப்பட்டன. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. சீன எல்லையில் கல்வான் மோதல் நடந்து மூன்று மாதமே ஆகியிருந்த நேரம். துணைக் கேள்வி இல்லாத பாதுகாப்புத் துறைப் பதில் எவ்வளவு வற்றியிருக்கும் என்பதை அந்தக் கூட்டத்தொடரின் தாள்களில் காணலாம்.

ரகசியத்தைத் தவிர்த்துப் பாதுகாப்புத் துறையிடம் கேட்கப் பயனுள்ளவை என்ன?

முப்படைகளில் காலிப் பணியிடங்கள், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் மருத்துவர் எண்ணிக்கை, அக்னிவீரர் சேர்ப்பு, ஓய்வூதியக் குறைகள், விமான விபத்துகள், ஒதுக்கிய நிதியில் செலவழியாமல் திரும்பியது. இவற்றுக்குப் பெரும்பாலும் எண்களோடு பதில் வருகிறது. பாதுகாப்பு ஏற்றுமதி பற்றியும் அரசு விருப்பத்தோடு பதில் சொல்கிறது: 2023-24-இல் 21,083 கோடி ரூபாய், 2024-25-இல் 23,622 கோடி ரூபாய். இங்கே இரு துறைகளும் சந்திக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆயுதப் பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி செய்ய அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பெரும்பாலான மற்றப் பொருட்களுக்கு வர்த்தகத் துறையின் இயக்குநரகம். யாருக்கு விற்றோம் என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் இடையில் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டாமா?

வேண்டாம். இது பலருக்கு அதிர்ச்சி தருகிறது. நம் அரசமைப்பின்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசின் நிர்வாக அதிகாரம். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றத்துக்கு வரும். உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய 1994 மராகேஷ் உடன்படிக்கை அப்படித்தான் கையெழுத்தானது. ஆசியான் சரக்கு ஒப்பந்தம், ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஒப்பந்தங்கள் எல்லாமே அந்த வழியில்தான்.

அதனால் வர்த்தகத் துறையைப் பொறுத்தவரை கேள்வி நேரத்தின் எடை கூடுகிறது. பாதுகாப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்பது) மீது வாக்கெடுப்பாவது உண்டு. ஒப்பந்தத்துக்கு அதுவும் இல்லை. கேள்வியும் நிலைக்குழுவும் (துறையை ஆராயும் உறுப்பினர் குழு)தான் உறுப்பினரின் கையில் இருக்கும் கருவிகள். ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகளில், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறையும் என்று கேட்டபோதெல்லாம், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, எல்லாத் தரப்பினரோடும் கலந்தாலோசிக்கிறோம் என்ற அளவிலேயே அரசு நின்றது. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா அதில் சேராமல் விலகியது. பேச்சுவார்த்தையின் நடுவே எல்லாவற்றையும் திறந்து காட்டினால் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கையெழுத்துக்கு முன் எதுவும் தெரியாது, பின் எதையும் மாற்ற முடியாது என்றால், மிளகும் ரப்பரும் பயிரிடுபவர் எப்போதுதான் பேசுவது?

முரசொலி மாறன் வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தைத் தமிழர்கள் நினைத்துப் பார்க்கலாம். 2001 ஏப்ரல் 1 முதல் எஞ்சியிருந்த 715 பொருட்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. வெளிநாட்டுப் பொருட்கள் வந்து குவியும் என்ற அச்சம் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தோகா மாநாட்டில் வளரும் நாடுகளின் சார்பில் அவர் உறுதியாக நின்றார். உள்ளே எழும் அழுத்தம் வெளியே பேசப் போகும் அமைச்சருக்குப் பலமாகவும் அமையும் என்றே நான் கருதுகிறேன்.

ஏற்றுமதித் தடை போன்ற திடீர் முடிவுகளுக்குக் கேள்வி உதவுமா?

முடிவைத் தடுக்க உதவாது. காரணத்தைப் பதிவு செய்ய உதவும். 2022 மே 13 கோதுமைத் தடை, 2023 ஜூலை 20 வெள்ளை அரிசித் தடை இரண்டும் அறிவிக்கை வழியாக உடனே நடைமுறைக்கு வந்தவை. பின்னர் வரும் பதிலில் எத்தனை டன்னுக்கு விலக்கு, எந்த நாடுகளுக்கு, எந்த வழியில் என்பதைக் கேட்டுப் பெறலாம்.

மாநிலங்களவை உறுப்பினரான அமைச்சர் மக்களவையில் பதில் சொல்லலாமா?

சொல்லலாம். அரசமைப்பின் 88-வது பிரிவு, அமைச்சர் இரு அவைகளிலும் பேச இடம் தருகிறது. வாக்களிப்பது மட்டும் தன் அவையில்தான். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்துகொண்டே 2014 முதல் 2017 வரை வர்த்தகத் துறையையும், பிறகு 2019 வரை பாதுகாப்புத் துறையையும் வகித்தார்.

பதில்களை அமைச்சர்தான் எழுதுகிறாரா?

வரைவைத் துறை அதிகாரிகள் எழுதுகிறார்கள். அது மேலே போய் அமைச்சரின் ஒப்புதலைப் பெறும். நட்சத்திரக் கேள்வியானால், வரக்கூடிய துணைக் கேள்விகளுக்கான குறிப்பும் சேர்த்துக் கொடுக்கப்படும். யார் எழுதினாலும் பொறுப்பு அமைச்சருடையது. மக்களவைக்கு அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்கிறது என்று 75-வது பிரிவு சொல்வதன் அன்றாட வடிவம் இந்தத் தாள்தான்.

ஒரு பதிலை எப்படிப் படிக்க வேண்டும்?

என்னிடம் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் இதைக் கேட்கட்டும். கற்பனையாக ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம்:

“(அ) பச்சைத் தேயிலை விலை குறைந்திருப்பதை அரசு அறியுமா, (ஆ) ஆம் எனில் கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி விலை என்ன, (இ) எத்தனை சிறு விவசாயிகள் தேயிலையைக் கைவிட்டனர், (ஈ) அவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் உண்டா, (உ) இல்லையெனில் காரணம் என்ன?”

பதில் இப்படித் தொடங்கலாம்: “(அ) முதல் (உ) வரை: தேயிலைத் துறையின் வளர்ச்சிக்காக அரசு பல நடவடிக்கைகளை எடுத்து வருகிறது…”

முதலில் பார்க்க வேண்டியது அந்த ‘முதல் – வரை’. ஐந்து உட்பிரிவுகளையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால், எதற்குப் பதில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது எந்த உட்பிரிவுக்கான பதில் என்று எழுதுங்கள். (இ) என்ற எழுத்தை எங்குமே எழுத முடியவில்லை என்றால், உங்கள் அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது.

இரண்டாவது, காலத்தைப் பாருங்கள். ஐந்தாண்டு விவரம் கேட்டதற்கு மூன்றாண்டு அட்டவணை வந்திருக்கிறதா? மாவட்ட வாரியாகக் கேட்டதற்கு மாநில வாரியாக வந்திருக்கிறதா? “தரவு மைய அளவில் பராமரிக்கப்படுவதில்லை” என்பதும் ஒரு செய்திதான். ஒரு துறை எதை எண்ணுவதில்லை என்பது, அது எதைப் பொருட்படுத்துவதில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, “கேள்வி எழவில்லை” என்ற தொடர். (அ)-வுக்கு “இல்லை” என்று சொல்லிவிட்டால், “ஆம் எனில்” என்று தொடங்கும் மற்றவை எல்லாம் அந்த ஒரு சொல்லில் விழுந்துவிடும். எனவே கேள்வியை எழுதும்போதே ஒவ்வொரு உட்பிரிவும் தன் காலில் நிற்கும்படி எழுத வேண்டும். “அரசு அறியுமா” என்பது ஓர் உட்பிரிவை வீணடிப்பது. எண்ணைக் கேளுங்கள், ஆண்டைக் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.

அமைச்சர் “பரிசீலனையில் உள்ளது” என்றால் அதோடு முடிந்ததா?

இல்லை. அது உறுதிமொழி. “பரிசீலனையில் உள்ளது”, “கவனிக்கிறேன்”, “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” போன்ற தொடர்களை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு பட்டியலிடும் ஏற்பாடு இரு அவைகளிலும் இருக்கிறது. மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953-இலும் மாநிலங்களவையின் குழு 1972-இலும் அமைக்கப்பட்டன. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. நிறைவேறாதவை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதும் உண்டு. கால நீட்டிப்புக் கேட்டுக்கொண்டே போவதும் உண்டு. பழைய பதிலின் நாளையும் எண்ணையும் குறித்து வைத்திருந்தால், “இந்த உறுதிமொழி என்ன ஆனது” என்று உங்கள் உறுப்பினர் மீண்டும் கேட்க முடியும்.

பதில் தவறாக இருந்தால்?

பிழையைச் சுட்டிக்காட்ட விரும்பும் உறுப்பினர் அவைத்தலைவருக்கு எழுதலாம். தன் பதிலில் பிழை இருப்பதை உணர்ந்த அமைச்சர் திருத்த அறிக்கை தரலாம். திருத்தங்கள் அரிதானவை அல்ல; அதில் இழிவும் இல்லை. தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினால் அது உரிமை மீறல். பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கோரலாம். இந்த வழியை உறுப்பினர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை.

பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பதாகச் சொல்கிறார்களே?

நடந்திருக்கிறது, தண்டனையும் கிடைத்திருக்கிறது. 1951-இல் எச்.ஜி.முட்கல் என்ற உறுப்பினர், பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் பெற்று அவர்களுக்காகச் செயல்பட்டது நிரூபணமானது. வெளியேற்றும் தீர்மானம் நிறைவேறும் முன் பதவி விலகினார். 2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கியதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர். பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. வர்த்தகத் துறையில் உரிமமும் வரியும் பணமாக மாறுவதால் இந்த ஆபத்து அங்கே எப்போதும் உண்டு. ஒரே நிறுவனத்துக்குப் பொருந்துவதுபோல் அளவெடுத்துத் தைத்த கேள்வியைக் கண்டால், யாருக்காக என்று கேட்பது நம் கடமை.

நிலைக்குழுக்கள் இருக்கும்போது கேள்வி நேரம் எதற்கு?

இரண்டும் வேறு. பாதுகாப்புக்கும் வர்த்தகத்துக்கும் தனித்தனி நிலைக்குழுக்கள் 1993 முதல் இருக்கின்றன. அங்கே செயலாளர்களும் அதிகாரிகளும் வந்து ஆழமாகப் பதில் சொல்வார்கள். படைத் தளபதிகளின் பிரதிநிதிகளும் வருவார்கள். ஆனால் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், அமைச்சரை அழைக்க முடியாது. அமைச்சர் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்வது அவையில்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்டுவிடலாமே?

பல நேரம் அதுவே விரைவானது. 30 நாட்களில் பதில் வர வேண்டும். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம் ஆகிய இரண்டு விலக்குகளும் இந்த இரண்டு துறைகளையே அதிகம் தொடுகின்றன. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. மேலும், தகவல் உரிமைப் பதில் ஓர் அதிகாரியின் கடிதம். நாடாளுமன்றப் பதில் அரசின் வாக்கு.

என் எம்.பி. மூலம் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டதுமே போய்விடுங்கள். நானும் சில சிறு தேயிலை விவசாயிகளும் ஒரு முறை கூட்டத்தொடர் தொடங்கப் பத்து நாள் இருக்கையில் மனுவோடு போனோம். முதல் வாரங்களுக்கான அறிவிப்புக் காலம் முடிந்திருந்தது. எங்கள் கேள்வி வர அடுத்த கூட்டத்தொடர் ஆனது. கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். குற்றச்சாட்டு, கிண்டல், ஊகம், கருத்துக் கேட்பது எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடக் கூடாது. ஏற்கெனவே வெளியான ஆவணத்தில் இருப்பதைக் கேட்டால் தள்ளுபடியாகும். ஆகவே முந்தைய பதில்களைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பத்துப் பக்க மனுவைவிட, சரியான அமைச்சகத்தின் பெயரோடு ஐந்து உட்பிரிவில் எழுதிய ஒரு தாள் உறுப்பினரின் உதவியாளருக்கு மிகவும் பயன்படும். உங்கள் தொகுதி உறுப்பினர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. மாநிலங்களவை உறுப்பினரையும் அணுகலாம்.

பதில்கள் எங்கே கிடைக்கும்? தமிழில் உண்டா?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இரு அவைகளின் கேள்விகளையும் பதில்களையும் அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி வாரியாகத் தேடலாம். 1952 முதலான மக்களவை விவாதங்களும் எண்ணிம நூலகத்தில் உள்ளன. அவையில் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் எழுத்துப் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. பத்திரிகைத் தகவல் அலுவலகம் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் தமிழில் வெளியிடுகிறது. அதில் அரசுக்குப் பெருமை தரும் பதில்களே முன்னே நிற்கும்; அட்டவணை இணைப்புகள் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். எனவே தமிழ்ச் செய்திக் குறிப்பைப் படித்த கையோடு, மூலப் பதிலின் எண்ணைத் தேடி அதன் இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் மாவட்டத்தின் பெயர் இருந்தால் அந்த அட்டவணையில்தான் இருக்கும்.